பட்டறை யார் பெயரில்?

பொதுப் பட்டறை ஒன்று தொடங்கலாம் என்று நாலு பேர் கூடியதும் ஆடிட்டரிடம் போய்க் கேட்கும் முதல் கேள்வி, "சங்கமாகப் பதியலாமா, டிரஸ்டாகப் பதியலாமா?" என்பதுதான். இடம் யார் பெயரில் இருக்கப்போகிறது, அதை விற்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்ற கேள்வியைப் பணம் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையே தவறு என்று நினைக்கிறேன். பதிவுச் சான்றிதழ் இருந்தால் வரிச்சலுகை கேட்கலாம், வங்கிக் கணக்கு திறக்கலாம், நாலு பேரிடம் போய் நன்கொடை கேட்கலாம். இடம் நிலைக்குமா என்பதைக் கிரயப் பத்திரத்தில் உள்ள பெயரும், அந்தப் பெயருக்கு உரியவரைக் கட்டுப்படுத்தும் விதிகளும்தான் தீர்மானிக்கின்றன.

லேத், துளையிடும் எந்திரம், வெல்டிங் செட், தச்சு மேசை, தையல் மிஷின், இப்போது 3டி பிரிண்டர் என்று தனியொருவர் வாங்கிவைக்க முடியாதவற்றைப் பலர் சேர்ந்து வைத்துக்கொண்டு, சந்தா கட்டியும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தும் நடத்தும் இடத்தைத்தான் பொதுப் பட்டறை என்கிறேன். இதற்குத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் சென்னைப் பக்கத்தில் குறைவு. 1931-லேயே கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்துவிட்ட ஊர். வடக்கே 1958-இல் அமைந்த கிண்டி தொழிற்பேட்டை, ஊருக்குள்ளேயே 1984 முதல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், மேற்கே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, தெற்கே மறைமலை நகர். இவற்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிட்டர்களும் டர்னர்களும் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் அதே தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். தொழில் தெரிந்தவரும் கற்க வேண்டியவரும் அடுத்தடுத்த வாசலில் இருந்தும், இருவரும் சேர்ந்து நின்று வேலை செய்ய ஓர் இடம் இல்லை.

மென்பொருள் குழுக்களுக்கு இடம் இவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கூட்டங்கள் பல ஆண்டுகள் ஐஐடி வளாகத்தில் இரவல் அறையிலேயே நடந்தன. மடிக்கணினியோடு ஆட்கள் வந்து சேர்ந்தால் போதும், கூட்டம் நடந்துவிடும். லேத்துக்கு அடித்தளம் போட வேண்டும், மும்முனை மின்சாரம் இழுக்க வேண்டும், புகை வெளியேற வழி வைக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் காலிசெய்யச் சொன்னால் போட்ட பணத்தில் பாதி தரையோடு போய்விடும். 2013-இல் மும்பையில் தொடங்கிய மேக்கர்ஸ் அசைலம் என்ற பொதுப் பட்டறை, கோவிட் காலத்தில் மும்பை இடத்தை விட்டுவிட்டுக் கோவாவுக்குப் போனது. அமெரிக்காவில் 2006-இல் லாப நோக்குடன் தொடங்கி நகரம் நகரமாகக் கிளை விட்ட டெக்ஷாப், 2017 நவம்பரில் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் பூட்டியது. உறுப்பினர்களின் பாதிசெய்த வேலைகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. அடையாற்றிலிருந்து முட்டுக்காடு வரை கடற்கரையோரமாகப் போனாலே வெவ்வேறு விடைகள் கிடைக்கும்.

முதலாவது பிரம்மஞான சபை. 1882 இறுதியில் அதன் நிறுவனர்களான ஓல்காட்டும் பிளவாட்ஸ்கியும் அடையாற்றின் ஹடில்ஸ்டன் தோட்டத்துக்குச் சபையின் தலைமையகத்தைக் கொண்டுவந்தார்கள். 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் சபை பதிவானது 1905-இல்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் அவ்வளவு பெரிய சொத்து சில தனிமனிதர்களின், அறங்காவலர்களின் நாணயத்தை நம்பியே இருந்தது. அவர்கள் நாணயமானவர்களாக அமைந்தது சபையின் நல்ல காலம். அதை ஒரு முறையாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே வளாகத்துக்குள் 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது கலாக்ஷேத்ரா. நடனப் பள்ளியாகவே அதைப் பலரும் அறிவார்கள். தறிக்கூடமும் சாயப்பட்டறையும் அதன் உடன்பிறப்புகள். இன்னொருவர் நிலத்தில் வளர்ந்த நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் திருவான்மியூரில் தன் நிலத்துக்கு மாறியது. 1986-இல் ருக்மிணி தேவி மறைந்தபின் நிர்வாகம் யாரிடம் என்ற சிக்கல் எழுந்து, கடைசியில் நாடாளுமன்றமே கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம் 1993 என்று தனிச்சட்டம் இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. சொத்து பத்திரமாக இருக்கிறது. ஆனால் நிர்வாகக் குழுவை அமைப்பது இப்போது மத்திய அரசு.

மூன்றாவது விடை ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம். பொதுப் பட்டறைக்கு மிக நெருக்கமான முன்னோடி இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். சென்னை அரசு கலைத்தொழில் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், படித்து முடித்த கலைஞன் வயிற்றுக்கு என்ன செய்வான் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். கலைஞர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணி, உலோகம், தோல் என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்று, வருமானத்தில் ஒரு பகுதியைச் சங்க நிதியில் சேர்த்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரே இல்லாத நாளில், 1966-இல், ஏறத்தாழ 10 ஏக்கர் மணல்காட்டில் கிராமம் எழுந்தது. அரசு மானியத்தையோ புரவலரையோ எதிர்பார்த்து நிற்காமல், தங்கள் கையுழைப்பில் நிலம் தேடிக்கொண்ட கலைஞர் கூட்டம் இந்தியாவில் வேறொன்று இவ்வளவு நாள் நீடித்ததாகச் சொல்வது கடினம்.

அந்த நிலத்தை அவர்கள் பிரித்துக்கொண்ட விதம்தான் நமக்குப் பாடம். வீட்டு மனைகள் தனித்தனிக் கலைஞர்களின் உடைமையாயின. பட்டறை, காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு ஆகியவை சங்கத்திடம் பொதுவில் நின்றன. அந்தக் காலத்துக்கு இது சரியான ஏற்பாடு என்றே சொல்வேன். சம்பளமில்லாத மனிதருக்குச் சொந்தக் கூரை கிடைத்தது. அந்தத் துணிவில்தான் வேலையை விட்டு முழுநேரமும் வரைய முடிந்தது, உளி பிடிக்க முடிந்தது. ஆனால் தனி உடைமை வாரிசுக்குப் போகும். வாரிசு ஓவியராகவோ சிற்பியாகவோ இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. மணல்காடு கோடிகளுக்குப் போகும் மனையாக மாறியபின், கலைஞர் கிராமம் கலைஞர்களின் கிராமமாகவே நீடிப்பது ஒவ்வொரு குடும்பத்தின் மனத்தையும் பொறுத்ததாகிவிட்டது. பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் மகன் சிற்பி நந்தகோபால் 2017-இல் மறைந்தார். இன்றும் அருங்காட்சியகமும் காட்சிக்கூடமும் திறந்திருக்கின்றன, பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பொதுவில் வைத்த பகுதி பொதுவிலேயே நிற்கிறது என்பதை அங்கே போகும் எவரும் பார்க்கலாம்.

இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1984-இல் உருவான மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் 1996-இல் அதைத் திறந்தது. நிலம் வாங்கும் பாரம் இல்லாமல், திரட்டிய பணத்தைக் கட்டடங்களுக்கும் கைவினைஞர்களுக்கும் செலவிட முடிந்தது. குத்தகைக்கு ஒரு முடிவு தேதி உண்டு என்பது இதன் மறுபக்கம். சோழமண்டலத்தார் தங்கள் பிள்ளைகளின் மனம் எப்படி இருக்குமோ என்று யோசிக்க வேண்டும் என்றால், தட்சிணசித்ராவின் நிலையில் உள்ளவர்கள் புதுப்பிக்கும் காலத்தில் கோட்டையில் யார் இருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கடற்கரையை விட்டு இன்னும் தள்ளிப் போனால் ஆரோவில். 1968-இல் தொடங்கிய அந்த நகரின் நிலங்களுக்கு உரிமையாளராக இருந்தது ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி. மண்ணைத் திருத்தி மரம் நட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். 1973-இல் நகரை நிறுவிய அன்னை மறைந்ததும் இரு தரப்புக்கும் பிளவு வந்தது. நாடாளுமன்றம் 1980-இல் அவசரகால ஏற்பாடுகள் சட்டம் இயற்றி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, உச்ச நீதிமன்றம் 1982-இல் அது செல்லும் என்றது, 1988-இல் ஆரோவில் பவுண்டேஷன் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் குடியிருப்போர் பேரவைக்கும் இடம் வைத்தது, மத்திய அரசு நியமிக்கும் ஆட்சிக்குழுவையும் வைத்தது. சாலைக்காக மரம் வெட்டுவதா என்பதில் தொடங்கி, இரண்டுக்கும் நடுவே அண்மை ஆண்டுகளில் மூண்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. உழைப்பவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில் என்ற ஏற்பாட்டில் இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால், சண்டை வரும் நாளில் மூன்றாவதாக அரசு உள்ளே வரும்.

இனி, பதிவின் வகைகள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். பொதுக்குழு, ஓட்டு, தேர்ந்தெடுத்த செயற்குழு என்று ஜனநாயகம் உள்ள வடிவம் இது. பட்டறையில் தினமும் கை அழுக்காகிற ஆளுக்கு அதில் ஓட்டு இருப்பதால் எனக்குப் பிடித்த வடிவமும் இதுதான். ஆனால் சொத்தைப் பொறுத்தவரை அதே ஜனநாயகம் ஆபத்து. மனை விலை ஏறிய ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்ந்த இருபது உறுப்பினர்கள் பொதுக்குழுவின் போக்கை மாற்றிவிடலாம். போட்டிச் செயற்குழுக்கள் இரண்டு மாவட்டப் பதிவாளரிடம் தனித்தனியாகப் பட்டியல் கொடுத்துவிட்டு வழக்காடும் சங்கங்கள் நம் ஊரில் ஏராளம். ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய மறந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடக்கும் நற்பணி மன்றங்கள் அதைவிட ஏராளம்.

டிரஸ்டுக்கு ஓட்டு கிடையாது. அறங்காவலர்கள்தான் எல்லாம், அடுத்த அறங்காவலரைத் தேர்பவரும் அவர்களே. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிலைய ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் சமயம் சாராத பொது அறக்கட்டளைக்கு அப்படி ஒரு தனி அதிகாரி இல்லை. தவறு நடந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் நீதிமன்றம் போக வேண்டும். பட்டறை உறுப்பினர் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த டிரஸ்டு பத்திரத்தில் விற்கும் அதிகாரத்தைத் தராமல் எழுதிவைத்தால், நிலத்தை எளிதில் விற்க முடியாது. நிலத்துக்கு இது நல்ல பெட்டி, பட்டறையை நடத்துவதற்கு ஏற்ற வடிவமல்ல.

மூன்றாவது, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் அமையும் லாப நோக்கற்ற கம்பெனி. ஆடிட் செலவு அதிகம், தாக்கல் செய்ய வேண்டியவையும் அதிகம் என்று சிறிய குழுக்கள் பயப்படுகின்றன. பயம் நியாயமானதே. ஆனாலும் இதில் இரண்டு பெரிய வசதிகள் உண்டு. சொத்து கம்பெனியின் பெயரிலேயே நிற்கும், தலைவர் மாறினாலும் பத்திரம் மாற வேண்டாம். அதன் அமைப்பு விதிகளை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு, சில விதிகளை வழக்கமான பெரும்பான்மையைவிடக் கடினமான நிபந்தனையில்தான் மாற்றலாம் என்று முன்கூட்டியே பூட்டிவைக்கவும் இடம் தருகிறது. இந்தப் பூட்டை நம் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. கூட்டுறவுச் சங்கம் என்ற நான்காவது வழியும் உண்டு. ஆனால் நம் மாநிலத்துக் கூட்டுறவுகள் ஆண்டுக்கணக்கில் தனி அலுவலர்களின் கையில் இருந்த வரலாற்றைப் பார்த்தவர்கள் அதை நாடத் தயங்குவார்கள், நானும் தயங்குகிறேன்.

வரிச் சட்டம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் போன்றவை அறநோக்கம் என்று வருமான வரிச் சட்டம் ஏற்கும். மற்றவை எல்லாம் பொதுப்பயன் என்ற கடைசிப் பெட்டிக்குள் விழும். அந்தப் பெட்டியில் இருப்பவர்கள் கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள வேலைகளின் வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டறை நடத்துவது கல்விதானே என்று நமக்குத் தோன்றும். கல்வி என்றால் முறையாகப் பயிற்றுவிப்பதே என்று லோக் சிக்ஷணா டிரஸ்டு வழக்கில் 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்வி நிறுவனம் என்று விலக்குக் கேட்பவர் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் இன்னும் இறுக்கியது. பாடத்திட்டமும் வருகைப் பதிவும் உள்ள வெல்டிங் வகுப்பைக் கல்வி என்று வாதிடலாம். பக்கத்துக் கம்பெனிக்கு நூறு பிராக்கெட் கடைந்து கொடுத்தால் அது ஜாப் ஒர்க். உறுப்பினர் சந்தா மூன்றாவது வகை. தங்களுக்குள் பணம் போட்டுத் தாங்களே அனுபவிப்பது வருமானமாகாது என்ற பரஸ்பர நியதி கிளப்புகளுக்கு உண்டு, அதன் எல்லையையும் 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறுக்கியது. அப்படிக் கிளப்பாக நின்றால் நன்கொடையாளருக்கு 80ஜி சலுகை தர முடியாது. ஆகவே சந்தா, வகுப்பு, ஜாப் ஒர்க் மூன்றுக்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனிக் கணக்கு வைக்காத பட்டறை பின்னால் திணறும்.

அறநிறுவனமாகப் பதிந்தபின் அதிலிருந்து வெளியேறுவதும் எளிதல்ல. 2016-இல் வந்த 115டிடி பிரிவு, பதிவை இழக்கும் நிறுவனத்தின் சொத்துகளின் சந்தை மதிப்புக்கே வரி போடும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடிப்படைகள் மாறவில்லை. இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய பெருங்களத்தூர் மனைக்கு இன்றைய மதிப்பில் வரி என்றால், மனையை விற்றுத்தான் கட்ட வேண்டிவரும். வெளிநாட்டு நன்கொடையில் வாங்கிய எந்திரத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்நிய நன்கொடைச் சட்டத்தின் பதிவு ரத்தானால் அந்தப் பணத்தில் உண்டான சொத்து அரசு அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். இந்தியக் குடியுரிமையை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ தங்கள் சேமிப்பை அனுப்பினால் அது அந்நிய நன்கொடை ஆகாது என்பது ஓர் ஆறுதல்.

அடுத்தது நிலம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தபின் ஜி.எஸ்.டி. சாலையோரம் மனை விலை கையைச் சுடுகிறது. விலை குறைவாகக் கிடைக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த இடம். அங்கே தரைத்தளத்தில் லேத் போடுபவர் அந்த வெள்ளக் கோட்டைச் சுவரில் பார்த்துவிட்டுப் போட வேண்டும். ஏரிப் புறம்போக்கில் படிப்பகம், உடற்பயிற்சிக் கூடம் என்று கொட்டகை போட்டு ஆரம்பிக்கும் பழைய மன்ற வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது எந்த நாளும் இடிபடலாம். பெரிய மனைப்பிரிவுகளில் ஒதுக்கும் 10 சதவீதத் திறந்தவெளி பூங்காவுக்கும் விளையாட்டுக்கும்தான். அந்த விதியை 2023-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. கோயில் நிலம் கேட்டால் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்துத் தளர்ந்து, கடைசியில் பலரும் வந்து சேர்வது நிறுவனர் வீட்டு மாடிக்குத்தான். அன்பால் கொடுப்பதுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் காலத்துக்குப்பின் பிள்ளைகள் மூன்று பங்காகப் பிரிக்கும்போது வாய்ப்பேச்சு நிற்காது. டிரஸ்டு நிறுவனருக்கே அதிக வாடகை கொடுத்தால் வரித்துறை சலுகையை மறுக்கவும் வழியுண்டு. தீர்வு கடினமானதல்ல. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தால் அது வாரிசையும் கட்டும், வாங்குபவரையும் கட்டும். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 ஆண்டுக்குட்பட்ட குத்தகைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் வாடகைத் தொகையின் மீது. பதினெட்டு ஆண்டு, இருபது ஆண்டு என்று பதிந்த குத்தகை கையில் இருக்கும் பட்டறை, சொந்த மனைக்காகக் கடன்பட்டுத் தவிக்கும் பட்டறையைவிட நிம்மதியாக வேலை செய்யும்.

நிலமே கிடைக்கும் வாய்ப்பு வந்தால் உடைமையையும் நடத்துவதையும் ஒரே கையில் வைக்கக் கூடாது என்பேன். ஜெர்மனியில் 1992-இல் சங்கமான மீட்ஸ்ஹாய்சர் சிண்டிகேட் என்ற குடியிருப்புக் கூட்டமைப்பு இதை அழகாகச் செய்கிறது. ஒவ்வொரு வீடும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அதில் குடியிருப்போர் சங்கம் ஒரு பங்குதாரர், சிண்டிகேட் இன்னொன்று. இருவரும் ஒப்பாமல் வீட்டை விற்க முடியாது. அமெரிக்காவில் நிலத்தைப் பொதுவில் வைத்துப் பயன்பாட்டை நீண்ட குத்தகைக்குத் தரும் சமூக நில அறக்கட்டளை முறை 1969-இல் ஜார்ஜியாவில் நியூ கம்யூனிட்டீஸ் என்று தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் வினோபாவின் கிராமதானமும் ஒன்று. இங்கிருந்து போன எண்ணம் அங்கே சட்ட வடிவம் பெற்றுவிட்டது, நாம் அதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

தாம்பரத்துக்கு அதை இப்படிப் பொருத்தலாம். நிலம் அல்லது நீண்ட குத்தகை 8-ஆவது பிரிவுக் கம்பெனி ஒன்றின் பெயரில் இருக்கட்டும். விற்கவோ அடகு வைக்கவோ இரு தரப்பும் ஒப்ப வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்திலேயே பூட்டிவைக்கட்டும். ஒரு தரப்பு பட்டறை உறுப்பினர்களின் சங்கம். மற்றொன்று அந்த மனையால் எந்த ஆதாயமும் அடையாத, ஊரில் நெடுநாள் நிலைத்த கல்லூரியோ பழைய அறக்கட்டளையோ. எந்திரம், சந்தா, வகுப்பு எல்லாம் சங்கத்திடம் இருக்கும், அது கம்பெனியிடமிருந்து பதிவுசெய்த குத்தகைக்கு இடத்தை எடுக்கும். சங்கத்தில் சண்டை வந்து உடைந்தாலும் இடம் தப்பும், அடுத்து வரும் குழு வேலையைத் தொடரும். ஆரம்பத்தில் இதற்கும் ஆள்பலம் இல்லையென்றால் தனிப் பதிவே வேண்டாம். ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறைகளில் உலகின் முதல் சிலவற்றுள் ஒன்று 2002-இல் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில், ஏற்கெனவே நடந்துவந்த விஞ்ஞான ஆசிரமத்தின் கூரைக்குக் கீழேதான் தொடங்கியது.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, பத்து உள்ளாட்சிகளின் கட்டடங்களும் ஒரே நிர்வாகத்தின் கைக்கு வந்தன. 1948-இல் சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக நூலகச் சட்டம் இயற்றி, சொத்துவரியோடு நூலக வரியும் வாங்கத் தொடங்கியது, இன்றும் வாங்குகிறோம். புத்தகத்துக்கு அன்று செய்ததைக் கருவிக்கும் செய்யலாம். மாநகராட்சிக் கட்டடங்களின் பட்டியலை வார்டுவாரியாக வெளியிட்டு, பழைய அலுவலகங்களில் ஒன்றையாவது ஏலத்துக்கு விடாமல், இருபதாண்டுப் பதிவுக் குத்தகைக்கு ஒரு பட்டறைச் சங்கத்துக்குத் தரும்படி 70 வார்டு உறுப்பினர்களையும் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையோடு குத்தகைப் பத்திரத்தின் வரைவும், மின்சாரப் பளு, இரைச்சல், காப்பீடு, பொறுப்பாளர் யார் என்பவற்றுக்கான பதில்களும் எழுத்தில் சேர்ந்து போக வேண்டும்.